என்னிடம் மட்டும் வலிக்காத எலிகள்

நவம்பர் 9

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய். நான் கடுப்பாகி வைத்துவிடுகிறேன். அப்புறம் உன் அண்ணி, "தங்கச்சிகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுதலாம். நீயும் குறுக்கே பேச முடியாது.

இடது கையின் கதையை ஒழுங்காகக் கேள். ஒரு துணிக்கடையின் முகப்புக்குக் கண்ணாடி மாட்டும்போது அது உடைந்து என் மணிக்கட்டில் இறங்கியது உனக்குத் தெரியும். தையல் போட்டார்கள். முதலில் சிறுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி, உள்ளங்கையின் ஓரம் எல்லாம் மரத்துக் கிடந்தன. கிள்ளினாலும் தெரியாது. இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தேன். காயம் ஆறி, தையல் தழும்பும் வெளுத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. இப்போது சட்டைக் கையின் நுனி பட்டால் போதும், இஸ்திரிப் பெட்டியை வைத்ததுபோல எரிகிறது. மின்விசிறி ஓடினால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அழுத்திப் பிடித்தால் அவ்வளவு வலி இல்லை. லேசாகத் தொட்டால்தான் உயிர் போகிறது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? முதலாளி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேப்பா ஆறியிருக்கு" என்கிறார்.

என்னைக் குளியலறைக் கண்ணாடி வெட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் பெரிய கண்ணாடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது நான் சோப்புப் பெட்டிக்கு மேலே மாட்டுவதற்கு வட்டமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் டாக்டர் சொல்வது இது. அறுபட்ட நரம்பின் நுனி போக வழி தெரியாமல் அங்கேயே சுருண்டு முடிச்சுப் போட்டிருக்கிறதாம். முடிச்சை வெட்டி எடுத்து, நுனியைத் தசைக்குள் புதைத்துவிடலாமாம். பெரும்பாலும் வலி அடங்கும், ஆனால் உத்தரவாதம் கிடையாதாம். அந்த ஓரம் முழுவதும் நிரந்தரமாக மரத்துவிடும், அதற்கு மட்டும் உத்தரவாதம். டிசம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்.

பெரிய கண்ணாடி கையில் உட்காருவது அந்த ஓரத்தில்தான். நழுவப் போகிறது என்பதை முதலில் சொல்வதும் அதுதான். கண்ணுக்குத் தெரியும்போது கண்ணாடி தரையில் இருக்கும். ஆக, வலியோடு இருந்தாலும் கண்ணாடி தூக்க முடியாது, மரத்துப்போனாலும் தூக்க முடியாது. எந்தக் கிணற்றில் விழுவது என்று மட்டும்தான் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

நீதான் வருடக்கணக்காக எலிகளின் காலை நோண்டிக்கொண்டிருக்கிறாயே, சொல். அறுபட்ட நரம்பு தானாகச் சரியாகுமா, ஆகாதா? ஒரு வரியில் பதில் எழுது. உன்னால் முடியாது என்று தெரியும்.

உன் அண்ணன்

*

நவம்பர் 17

அன்புள்ள அண்ணா,

ஒரு வரியில் பதில்: ஆகலாம்.

இனி நீ படிக்க மாட்டேன் என்றாலும் நான் எழுதப்போகிற வரிகள். முதலில் மரத்துப்போய், பிறகு எரிய ஆரம்பித்தது என்றாயே, அதைப் படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் எலிகளும் அப்படித்தான். நரம்பு ஒரே கம்பி இல்லை அண்ணா. தொடுகையைச் சொல்லும் இழைகள் வேறு, வலியைச் சொல்லும் இழைகள் வேறு. அறுபட்ட இடத்தில் எல்லாம் காலியாகிவிடுகின்றன. தொடுகை இழைகள் மெதுவாகத்தான் வளரும், சில சமயம் வந்து சேர்வதே இல்லை. பக்கத்து நரம்பின் வலி இழைகளோ பூட்டாத வீட்டைக் கண்டதுபோல நுழைந்து, தொடுகை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. அப்புறம் சட்டை பட்டாலும் மூளைக்குப் போகிற தகவல் "வலி" என்பதுதான். நீ கற்பனை செய்யவில்லை. முதலாளியிடம் என் பெயரைச் சொல்.

எங்கள் குழுவின் கேள்வியும் உன் கேள்விதான். யாரும் மருந்து கொடுக்காமலே சில எலிகளுக்கு அந்த வலி தீர்ந்துவிடுகிறது. எப்படி? எலியைக் கம்பி வலை மேடையில் விட்டு, கீழேயிருந்து ஒரு நைலான் இழையால் பாதத்தை மெல்லத் தொடுவேன். தலைமுடி போல மெலிந்ததில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்த இழை. எந்த இழைக்குக் காலை உதறுகிறது என்பதுதான் அளவு. இத்தனை நாளும் இந்த வேலையைச் செய்தவள் என் மேசைத் தோழி. இந்த முறை அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் நான் எடுத்துக்கொண்டேன். அந்த அறையில் ஏசி காற்று நேராக முதுகில்தான் விழும், அதனால் அங்கிக்கு உள்ளே உன் மாப்பிள்ளையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெரிய மூட்டை மாதிரி குனிந்து கிடக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை எலிகள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் குணமாகின்றன. ஒன்று இரண்டு இல்லை, ஏறக்குறைய எல்லாமே! எங்கள் தலைமை விஞ்ஞானி, சிரிப்பதற்கே அனுமதி கேட்கிற மனுஷி, என் மேசைக்கு வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். வலி தானாகத் தீர்வது நாங்கள் நினைத்ததைவிடச் சாதாரணமான விஷயமோ என்னவோ.

காத்திரு அண்ணா. வெட்டினால் வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. தேதியைத் தள்ளிப் போடச் சொல்.

எலிக்குட்டி

*

நவம்பர் 28

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

தள்ளிப் போட்டுவிட்டேன். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"யார் காத்திருக்கச் சொன்னது?"

"என் தங்கச்சி, சார்."

"டாக்டரா?"

"எலி டாக்டர்."

மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பஞ்சால் என் கையைத் தடவிப் பார்த்தார். நம்பமாட்டாய், அவ்வளவாக வலிக்கவில்லை! பல்லைக் கடிக்கவே தேவைப்படவில்லை. "பரவாயில்லையே, கொஞ்சம் தேறியிருக்கு" என்று எழுதிக்கொண்டார். உன் எலிகளுக்கு நடப்பது எனக்கும் நடக்கிறதோ என்று ஒரு நப்பாசை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மாவின் பை உரசியதும் நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். இதற்கு உன் விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

காலி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் குடியேறிய கதையை உன் அண்ணிக்குச் சொன்னேன். "அப்போ வாடகை வாங்காம விட்டுட்டீங்க" என்றாள். அவள் இப்போது கட்டிலில் என் வலது பக்கம்தான் படுக்கிறாள். இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது. அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை.

எலிகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

அண்ணன்

*

டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

பஸ் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எனக்கே இங்கே ஒரு தலைச்சுற்றல்.

எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். தோழி தோள் சரியாகி வந்து, எலிகளைச் சோதித்தாள். நான் குணம் என்று எழுதிய எலிகளுக்கெல்லாம் வலி! மெலிந்த இழைக்கே காலை உதறி, நக்கி, தூக்கி வைத்துக்கொள்கின்றனவாம். நான் பதறிப்போய் எழுந்து ஓடி, அடுத்த நாள் நானே சோதித்தேன். ஒன்றுக்கும் வலிக்கவில்லை. மறுபடி அவள், மறுபடி வலி. மறுபடி நான், மறுபடி குணம்.

எந்த எலிக்கு நரம்பு அறுந்திருக்கிறது, எதற்கு இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது, அப்படித்தான் வைத்திருப்போம். அதனால் ஆசைப்பட்டு அளந்தோம் என்றும் சொல்ல முடியாது. தலைமை விஞ்ஞானி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, "உங்களில் ஒருத்திக்கு இழை பிடிக்கத் தெரியல" என்றார். தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பகல் சாப்பாட்டை அவரவர் மேசையிலேயே முடித்துக்கொண்டோம்.

ஒரே எலிக்கு வலிப்பது, தொடுகிற ஆள் மாறினால் வலிக்காமல் போகுமா? எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா, அதே சமயம் சந்தோஷமாகவும் இருக்கிறது. இப்படி ஒரு புதிர் கிடைத்து ரொம்ப நாளாகிறது.

எலிக்குட்டி

*

டிசம்பர் 20

எலிக்குட்டிக்கு,

நீ சந்தோஷப்படுகிறாய். நான் இங்கே தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

சரி, நானும் மண்டையை உடைத்துப் பார்த்தேன். உன் கை ராசியான கையாக இருக்கலாம். சின்ன வயதில் நீ சோதனை செய்கிறேன் என்று என் கால் சுண்டுவிரலில் நூல் கட்டி இழுத்தது நினைவுக்கு வந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டேன். உன் அண்ணி சொல்கிறாள், நீ வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாயாம், அதைக் கேட்டு எலிகள் அசந்துபோயிருக்கும் என்று. முதலாளி சொல்வது, எலிகளுக்கு உன்மேல் பரிதாபம்.

சிரிப்பு போதும். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டும், நிஜமாகவே ஒரு வரியில். எலிகள் குணமாகின்றனவா, இல்லையா?

அண்ணன்

*

ஜனவரி 5

அன்புள்ள அண்ணா,

இல்லை.

ஸ்வெட்டர்தான். உன் மாப்பிள்ளையின் ஸ்வெட்டர்.

போன வாரம் அதைத் துவைத்துப் போட்டேன். அன்றைக்கு நான் அது இல்லாமல் நடுங்கிக்கொண்டே சோதித்தபோது என் கையிலும் எலிகள் காலை உதறின. முதலில் பஸ் டிப்போ கிரீஸ் வாடையோ என்று நினைத்தேன், அவர் மெக்கானிக்தானே. புதுத் துணியில் கிரீஸ் தடவி வைத்துப் பார்த்தேன், எலிகள் காலை உதறத்தான் செய்தன. அப்புறம் அவர் போட்டுக் கழற்றிய பனியனைக் கேட்டேன். "என் பனியனை எதுக்கு எடுத்துட்டுப் போற? நல்லதா ஒண்ணு தரேன்" என்றார். நல்லது வேண்டாம், அழுக்குதான் வேண்டும் என்றேன். இரண்டு நாள் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு, இன்னொரு பையில் என்னுடைய பழைய ரவிக்கையைப் போட்டு, எதில் எது என்று தோழிக்குச் சொல்லாமல் மேடை ஓரத்தில் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். அவள்தான் சோதித்தாள். பனியன் இருந்தால் வலி இல்லை. ரவிக்கை இருந்தால் வலி.

ஆண் வாடை எலிகளுக்குப் பயம். பயத்தில் உடம்பு வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்துக்கொள்ளும். தப்பி ஓட வேண்டிய நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாதல்லவா. வெளியே பார்த்தால் குணமானது மாதிரியே இருக்கும். எலி அசையாமல் நிற்கும், நானும் குணம் என்று எழுதிக்கொள்வேன். இதை வேறு ஆய்வுக்கூடத்தார் முன்பே கண்டு எழுதிவிட்டார்கள். நான் படித்தும் இருக்கிறேன். ஆண் ஊழியர்களுக்கான எச்சரிக்கை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நான் பெண்தானே, எனக்கென்ன என்று. ஸ்வெட்டர் யாருடையது என்பது புத்தியில் உறைக்கவில்லை.

அந்தச் சோதனைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. அது என் வேலை, நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு உன்னைக் காத்திருக்கச் சொன்னேன். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. மன்னித்துவிடு அண்ணா.

*

ஜனவரி 11

தங்கைக்கு,

மாப்பிள்ளையின் வியர்வையை நம்பி நான் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். வெளியே சொன்னால் எவனாவது சிரிக்காமல் இருப்பானா? நீ அந்தக் கடிதத்தை எழுதியிருந்த விதத்தில் எனக்கே பாதியில் சிரிப்பு வந்தது. அப்புறம் கை மேசைவிரிப்பில் பட்டது.

டிசம்பரில் முடித்திருந்தால் இந்நேரம் தையல்கூடப் பிரித்திருப்பார்கள். மரத்த கையோடு என்ன வேலை செய்வது என்று இன்றைக்கு யோசித்துக்கொண்டிருப்பேன், அதையாவது யோசித்திருக்கலாம். இப்போது மறுபடி போய் நின்றால் டாக்டர், "உங்களுக்குத்தான் தேறிட்டு வருதே, என்ன அவசரம்?" என்கிறார். அவருடைய அறையில் எனக்கு எப்போதும் குறைவாகத்தான் வலிக்கிறது. ஏன் என்று இப்போது புரிகிறது. அந்தத் தட்டில் கிடக்கும் கத்தியும் வெள்ளைத் துணியும் டெட்டால் வாடையும் இருந்தால் நானும் உன் எலி மாதிரி அசையாமல்தான் நிற்கிறேன். ஆக என் கை டாக்டரிடமும் பொய் சொல்கிறது. நீ எலிகளை நம்பினாய், நான் உன்னை நம்பினேன், டாக்டர் என் கையை நம்பினார். நன்றாக இருக்கிறது.

கெஞ்சிக் கூத்தாடி பிப்ரவரி கடைசியில் தேதி வாங்கிவிட்டேன். இந்த முறை மாற்றப் போவதில்லை. எலிக் கதை எதுவும் இனி எழுதாதே.

அண்ணன்

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணா,

எலிக் கதை எழுதாதே என்றாய். நீ கோபத்தில் சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

முதலில் ஒன்று. காத்திரு என்றும் சொல்ல மாட்டேன், வெட்டிக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நீ "தங்கைக்கு" என்று எழுதியிருந்தது எனக்கு வலித்தது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது. ஸ்வெட்டர் நாட்களை எல்லாம் தள்ளிவிட்டு, தோழியின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்து பார்த்தோம். அவள் கையிலேயே, எந்த வாடையும் இல்லாமல், சில எலிகள் நிஜமாகவே குணமாகியிருக்கின்றன. எல்லாம் இல்லை, சில. தாமதமாக. ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது, உனக்கே தெரியும். தண்டுவடத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு வகைக் காவல் செல்கள் உண்டு. நரம்பு அறுந்ததும் முதலில் அவைதான் ஊரைக் கூட்டி, சின்ன வலியைப் பெரிதாக்குகின்றன. நாள் போகப் போக அவற்றிலேயே ஒரு சிறு கூட்டம் குணம் மாறி, குப்பையை அள்ளி, மற்றதை எல்லாம் அமர்த்துகிறது. குணமான எலியிடமிருந்து அந்தச் சிறு கூட்டத்தை மட்டும் நீக்கிவிட்டால், போன வலி திரும்பி வருகிறது என்று வேறொரு குழு காட்டியிருக்கிறது. அப்படியென்றால் குணம் என்பது முடிந்துபோன சமாசாரம் இல்லை அண்ணா, உள்ளே யாரோ தினமும் செய்துகொண்டிருக்கிற வேலை. இதைப் படித்துவிட்டு நான் அன்று முழுவதும் வேறு எதுவும் செய்யவில்லை. மனிதரிலும் இப்படியா? தெரியாது. உன் கையில் என்ன நடக்கிறது? சுத்தமாகத் தெரியாது.

மூன்றாவது, இந்தப் பொட்டலம். உள்ளே எங்கள் பழைய இழைப் பெட்டி. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வரிசையாக இருக்கும். உன் கையிடம் நேராகவே கேட்டுப் பார். எலிகளுக்கு நாங்கள் செய்வதைத்தான் சொல்கிறேன். மேடையில் விட்டதும் தொட மாட்டோம், பயம் தெளிந்து, உடம்பை நீவிக்கொண்டு, தூங்கப் போகும் வரை காத்திருப்போம். நீயும் அமைதியானபிறகு கண்ணை மூடிக்கொள். நீ யார்முன்னால் வீரம் காட்டுவாயோ அந்த ஆளிடம் இழையைக் கொடுக்காதே. தொடுகிற ஆள் நடுநடுவே தொடாமலே "இப்போ?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் நீ ஊகித்துச் சொல்கிறாயா, உணர்ந்து சொல்கிறாயா என்று தெரியும்.

பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எலிக்குட்டி

*

பிப்ரவரி 3

எலிக்குட்டிக்கு,

பெட்டியைத் திருப்பி அனுப்பத்தான் தாள் எடுத்தேன். அனுப்பக் கட்டும்போது திறந்து பார்த்தது என் தப்பு.

முதலில் நானே தொட்டுப் பார்த்தேன். எங்கே தொடப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே தொட்டால் எல்லா இடமும் வலிக்கிறது. அப்புறம் பட்டறையில் என்னோடு கண்ணாடி தூக்குகிற கூட்டாளியிடம் கொடுத்தேன். அவன் தொட்டபோது எங்குமே வலிக்கவில்லை. அவன் ஆச்சரியப்பட்டான், நான் படவில்லை. அவன்முன்னால் நான் என்றைக்கு முனகியிருக்கிறேன்?

மிச்சம் உன் அண்ணிதான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். உனக்குச் சொன்னதில்லை, விபத்துக்கு அப்புறம் ஒரு நாள் சினிமா கியூவில் அவள் பழக்கதோஷத்தில் என் இடது கையைப் பிடித்துவிட்டாள். நான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அதிலிருந்து அந்தக் கையை அவள் தொட்டதே இல்லை. "இப்போ குச்சியால குத்தச் சொல்றீங்களா? எனக்கு மனசு வராது" என்றாள். குச்சி இல்லை, முடி மாதிரி என்று காட்டினேன். அவள் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தாள்.

சிறுவிரல் பக்கம் ஆரம்பித்தோம். இருப்பதிலேயே மெலிந்த இழைக்கே நான் துள்ளினேன். பொய் இல்லை, நடிப்பு இல்லை. அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் தேறவில்லை. டாக்டரிடம் காட்டியதெல்லாம் பயம்தான். மூன்றாவது தடவை நான் துள்ளியதும் அவள் இழையைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அத்தோடு நிறுத்திவிட்டோம். மோதிர விரல் பக்கம் போகவே இல்லை.

ஆக வெட்டத்தான் வேண்டும். உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. தேதி அப்படியே இருக்கிறது.

அண்ணன்

*

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

மோதிர விரல் பக்கம் போ. வெட்டினால் அதுவும் சேர்ந்து போகும் இல்லையா, அதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிடு. நல்ல செய்தி இருக்கும் என்று சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிட எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணியிடம், உன் முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு துண்டை மறைப்பாகத் தொங்கவிடச் சொல். உன் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிடு. "உங்களைப் பார்த்தால் என் கை பொய் சொல்கிறது" என்று அவரிடம் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. எலி டாக்டர் எழுதியது என்று சொல்.

எலிக்குட்டி

*

பிப்ரவரி 20

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

கடிதத்தைக் காட்டினேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"என்னைப் பார்த்தா பயமா?"

"உங்களைப் பார்த்து இல்ல சார். உங்க தட்டுல இருக்கிறதைப் பார்த்து."

மனுஷன் சிரித்துவிட்டார். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார். தன் அறையை விட்டுத் தானே வெளியேறிய டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். நர்சம்மா ஜன்னலைத் திறந்து வைத்தார். கூட வந்திருந்த உன் அண்ணியும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள், வீட்டில் குழாயை மூடினோமா என்று கேட்டாள். நான் மூடினேன் என்றேன். அப்படியே தண்ணீர் வரி, பக்கத்து வீட்டு நாய் என்று பேச்சு போயிற்று. தட்டு இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. அப்போதுதான் அவள் துண்டை விரித்தாள், நான் கண்ணை மூடினேன்.

சிறுவிரல் பழையபடி எரிந்தது. உள்ளங்கை ஓரமும் எரிந்தது. அதை எல்லாம் மறைக்காமல் கத்தியே சொன்னேன். அவளும் இந்த முறை அழவில்லை. அப்புறம் மோதிர விரல்.

"இப்போ?"

எரிச்சலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை.

"இப்போ? வலிக்குதா?"

"தொடுற."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"இல்ல. தொடுற, அவ்வளவுதான்."

அவள் துண்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "இப்போ?" என்றாள். ஒன்றும் தெரியவில்லை. "தொடலையே" என்றேன். ஆமாம், தொடவில்லை, ஏமாற்றிப் பார்த்தாளாம். மறுபடி தொட்டாள், சொன்னேன். மறுபடி ஏமாற்றினாள், மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பாதி விரலில் எங்கே தொட்டாலும் தொடுவது தொடுவதாகவே தெரிந்தது எலிக்குட்டி. முன்பு தெரிந்த மாதிரி இல்லை, கையுறைக்கு மேலே தொடுவதுபோல மங்கலாகத்தான். ஆனால் நெருப்பு இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டோம். அவரும் கதவருகிலேயே நின்று, அவளைத் தொடச் சொல்லிப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "முழு நரம்பும் முடிச்சா இருந்தா இது வந்திருக்காது. கொஞ்சம் இழை வழி கண்டுபிடிச்சு வந்திருக்கு. இப்போ வெட்டினா இதையும் சேர்த்து வெட்டிடுவேன்" என்றார். தேதியை அவரே அடித்துவிட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், தட்டு இல்லாத அறையில் பார்க்கிறாராம். சிறுவிரலுக்கும் வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். உன்னை மாதிரியே சொன்னார். நான் இன்னும் குளியலறைக் கண்ணாடிதான் வெட்டுகிறேன், அது இப்போதைக்கு மாறாது. உள்ளே யார் உட்கார்ந்து அமர்த்துகிறார்களோ, அவர்கள் மெதுவாகவே செய்யட்டும்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, கை துண்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. அப்போது மோதிர விரலில் மறுபடி ஏதோ பட்டது. கொஞ்சம் தடித்ததாக, வெதுவெதுப்பாக. எங்கும் போகாமல் அங்கேயே இருந்தது.

"இது எந்த இழை?" என்று கேட்டேன்.

"இழை இல்ல. நான்தான்" என்றாள்.

உன் அண்ணன்